கூழுக்குக் கேழ்வரகு எங்கிருந்து வருது?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு அண்டா ஏறிவிடும். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பிலைத் தோரணம், மஞ்சள் துணி, குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி குரல், அம்மன் கோயில் வாசலில் கூழ். சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற பசங்க கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சுட்டுத்தான் ரூமுக்குப் போவாங்க. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பசங்களும் அதே வரிசையில் நிற்பார்கள். ரோட்டோர அண்டாவில் யாரும் ஊர் பேர் கேட்பதில்லை. ஊருக்குள்ளே கதை கொஞ்சம் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நம் இயக்கக் கூட்டங்களில் சாமிப் பேச்சை எடுத்தால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். மீதிப் பேர் சாமியை மட்டுமே பேசிவிட்டு விதையை மறந்துபோவார்கள். நான் முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். நகைக்கடன் லெட்ஜரும் பயிர்க்கடன் விண்ணப்பமும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவன். பெரிய பக்திமான் என்று என்னை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓய்வு பெற்று எட்டு வருஷம் மண்ணில் நின்ற பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு குடும்பம் எதை விதைக்குது, எதைச் சமைக்குது, நிலத்தை வெச்சிருக்குதா விக்குதா என்பதிலெல்லாம் அந்த வீட்டு நம்பிக்கைக்கு ஒரு கை இருக்கிறது. சத்தமில்லாத கை. அதைக் கணக்கில் சேர்க்காமல் இயற்கை விவசாயம் பேசினால் ஐந்தொகை நேர்ப்படாது.

முதலில் கூழையே எடுத்துக்கொள்வோம்.

கூழ் ஊத்தறது ரெண்டு நாள் வேலை. வெள்ளிக்கிழமை கேழ்வரகைப் புடைத்துக் கல் நீக்கி மில்லில் அரைத்து வருவார்கள். அன்று ராத்திரி மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால், மறுநாள் சாயந்திரத்துக்குள் புளித்து நுரை கட்டும். நொய்யரிசியை வேகவிட்டு, அது குழைகிற பதத்தில் புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். கை நின்றால் கட்டி தட்டும், அடி பிடிக்கும். தண்ணீரில் நனைத்த கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, மாங்காய், மோர்மிளகாய். வீட்டில் என்றால் கருவாட்டுக் குழம்பு.

கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டின வெள்ளை அரிசியில் அதே 100 கிராமுக்குப் பத்து மில்லிகிராம் தேறினாலே பெரிது. கேழ்வரகில் இரும்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் அதை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாவைப் புளிக்க வைக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. இதெல்லாம் எங்க ஆயாவுக்குத் தெரியாது. "புளிக்காத கூழு ஆத்தாளுக்கு ஆவாது" என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாவு ஒரு ராத்திரி ஊறுகிறது. சத்துணவு வகுப்பு எடுத்திருந்தால் ஒரு தலைமுறையில் மறந்து போயிருக்கும்.

ஏன் ஆடியில்? புராணக் கதைகள் பல உண்டு. என் கணக்கு வேறு. கோடையில் வேலை குறைவு, குதிரில் நெல் அடிமட்டம், சொர்ணவாரி நெல் இன்னும் வயலில். சம்பாவுக்கு விதைநெல் எடுத்து வைத்தது போக வீட்டில் இருப்பது கொஞ்சம். காற்று மாறுகிற மாசம், அம்மை, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்தக் காலத்தில் வந்து போகும். கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களுக்குப் பசி முற்றுகிற மாசத்தில், நிலம் வைத்திருக்கிறவன் தெருவில் அண்டா வைத்து ஊற்ற வேண்டும் என்று யாரோ ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சட்டம் போட்டிருந்தால் ஓட்டை கண்டுபிடித்திருப்போம். ஆத்தாள் பேரில் போட்டதால் ஊத்திக்கொண்டிருக்கிறோம். வங்கியிலும் பார்த்திருக்கிறேன்: ஆடியில் நகை அடகு வைக்க வருகிறவர்களிடம் காரணம் கேட்டால் விதைப்புச் செலவு என்பார்கள், கூடவே தாழ்ந்த குரலில், "கூழு ஊத்தணும் சார், வேண்டுதல்" என்பார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'விவசாயச் செலவு' என்றே எழுதிக்கொள்வோம். இப்போது யோசித்தால் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம்.

இதன் பெரிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் பெரியபாளையம் போக வேண்டும். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன். ஆடி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஜனம் குவியும். வேப்பஞ்சேலை வேண்டுதல் அங்கே பிரசித்தம். வேப்பிலையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். எங்கள் அப்பா காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், முதல் நாள் ராத்திரியே ஆற்று மணலில் படுத்து, காலையில் அங்கேயே பொங்கல் வைத்து வருவோம். இப்போது டெம்போவும் ஷேர் ஆட்டோவும். ஆற்றில் மழைக்காலம் தவிர தண்ணீர் பார்ப்பது அபூர்வம். ஆனாலும் ஒன்று மாறவில்லை. வருஷம் முழுக்க ஆளுக்கொரு ஷிப்டில் இருக்கிற அண்ணன் தம்பிகள், கட்டிக் கொடுத்த பெண்கள், பேசாமல் இருக்கிற பங்காளிகள் எல்லோரும் அந்த ஒரு நாள் ஒரே பானைக்கு முன்னால் உட்காருகிறார்கள். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைத் தகராறு நடந்த மூன்று வருஷமும் என் தம்பியும் நானும் பேசிக்கொண்டது பெரியபாளையத்தில் மட்டும்தான். அதுவும் "உப்பு போட்டாச்சா?" அளவுக்கு. பிறகு அந்த உப்பிலிருந்துதான் மற்ற பேச்சு தொடங்கியது.

வேம்பைப் பற்றி நம் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஆடியில் அத்தனை வேப்பந்தழை வெட்டப்படுவதை மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வேப்பமரம் குறைந்துகொண்டே வருகிறது. சாலை அகலமாகிறது, மனை பிரிகிறது. வேண்டுதலுக்கு ஒரு சேலை தழை எடுத்தால் வேலியோரம் ஒரு கன்று வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஆடியிலேயே வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும், கொட்டையைச் சேர்த்தால் விதைக்கும் ஆச்சு, வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் ஆச்சு. "நல்லாத்தான் இருக்குது, தண்ணி யாரு ஊத்தறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. போன வருஷம் வைத்த பதினொன்றில் நாலு பிழைத்திருக்கிறது, அந்த நாலும் அந்த அம்மா வீட்டைச் சுற்றி இருப்பவை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஊரெல்லாம் இவ்வளவு கூழ் ஊத்துகிறோமே, கேழ்வரகு எங்கே விளைகிறது?

எங்கள் ஊரில் இல்லை. என் சின்ன வயதில் ஏரிக்கு மேல்பக்க மேட்டு நிலம் முழுக்கக் கேழ்வரகும் கம்பும்தான். பிறகு போர்வெல் வந்தது, இலவச மின்சாரம் வந்தது, சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நெல் என்றானது. அதற்குப் பின்னால் ரியல் எஸ்டேட். இப்போது கூழுக்கு மாவு பாக்கெட்டில் வருகிறது. தானியமாக வாங்கினாலும் அது கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வருவது. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே வருஷம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்லது. ஆனால் கேழ்வரகு ஒரு சடங்காக இன்னும் தெருவில் உயிரோடு இருக்கிற எங்கள் மாவட்டத்தில், அதை விளைவிக்கிறவன் இல்லை. சந்தை இருக்கிறது, சரக்கு வெளியூர். வங்கிக்காரன் மூளைக்கு இது பெரிய வாய்ப்பாகப் பட்டது.

மூணு வருஷத்துக்கு முன்னால் இருபத்தைந்து சென்டில் கேழ்வரகு வைத்தேன். ஆடிக்குக் கைக்கு வர வேண்டும் என்றால் பங்குனி முதல் வாரத்தில் நாற்று விட வேண்டும். பதினெட்டு, இருபது நாளில் பறித்து நடவு. நான் நட்ட இடத்துக்கு அரைக் கிலோ விதை போதுமானதாக இருந்தது. விதையைச் சூடோமோனாஸில் கலந்து நேர்த்தி செய்தேன். குலைநோய்க்கு அது காப்பு. அடியுரமாகத் தொழுஉரம், இரண்டு முறை ஜீவாமிர்தம் பாசனத்தோடு, இரண்டு முறை பஞ்சகவ்யம் தெளிப்பு, பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. களை மட்டும் பதினைந்து நாளிலும் முப்பது நாளிலும் எடுத்தே ஆக வேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனி பாதியில் அறுவடை. முதல் வருஷம் ரெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

பஞ்சகவ்யம் என்று எழுதும்போது ஒரு விஷயம். நாம் இன்றைக்குச் சாதாரணமாகத் தெளிக்கிற இந்தக் கரைசல் கோயிலிலிருந்தும் பூசை வீட்டிலிருந்தும் வயலுக்கு வந்தது. பால், தயிர், நெய், சாணம், கோமியம் ஐந்தும் சேர்ந்தது சடங்குப் பொருளாகத்தான் பல நூறு வருஷம் இருந்தது. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் அதோடு வாழைப்பழம், இளநீர், கரும்புச்சாறு என்று சேர்த்து, பயிருக்குக் கொடுத்துப் பார்த்து, பக்குவம் கண்டு ஊருக்குச் சொன்னார். பூசை அறையில் அரைக் கரண்டியாக இருந்ததை டிரம் கணக்கில் வயலுக்குக் கொண்டுவந்தார். நம்பிக்கை என்று நாம் ஒதுக்கி வைத்த பலதிலும் இப்படிச் சோதித்துப் பார்க்க ஏதாவது இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். சோதிப்பதற்குக் காசு செலவில்லை.

பாலிகையும் அப்படித்தான். பெருமாள் கோயில்களில் பிரம்மோற்சவத்துக்கு முன்னால் அங்குரார்ப்பணம் என்று செய்வார்கள். மண் எடுத்து வந்து, மண் பாலிகைகளில் நவதானியம் தெளித்து முளைக்க வைப்பது. கல்யாண வீட்டிலும் பாலிகை தெளிப்போம். முளைப்பு நன்றாக இருந்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். விதைப்புக்கு முன்னால் ஊர் நடுவில் எல்லார் கண்ணுக்கும் தெரிய நடத்தப்படும் முளைப்புத் திறன் சோதனை என்றும் இதைப் படிக்கலாம். என் அண்ணன் பேத்தி கல்யாணத்தில் பூசைக் கடை நவதானியப் பாக்கெட்டைத் தெளித்தார்கள். பச்சைப்பயறு மட்டும் எட்டிப் பார்த்தது, கோதுமை கறுத்துப்போனது, துவரை உடைத்த பருப்பாகவே இருந்தது. பெரியவர்கள் பதறிவிட்டார்கள். என் வீட்டு விதைக் கலயத்திலிருந்து எடுத்துப் போய் மறுபடி தெளித்தோம். அதற்குப் பிறகு எங்கள் பங்காளி வீடுகளில் பாலிகைக்கு என்னிடம்தான் தானியம் கேட்டு வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. ஆனால் "இது பாரம்பரிய விதை, வீட்டுத் தோட்டத்துலயும் நாலு போடுங்க" என்று சொல்லாமல் கொடுப்பதும் இல்லை.

ஊருக்குள்ளே கதை வேறு என்று சொன்னேனே, அது இதுதான். எங்கள் ஊரில் ஆடி நாலாம் ஞாயிறு ரெண்டு அண்டா ஏறும். ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் ஒன்று, காலனி கங்கையம்மன் கோயில் வாசலில் ஒன்று. காலனிக்காரர்கள் ஊர் அண்டாவுக்கு வர மாட்டார்கள். வந்தால் ஊற்றுவார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், ஆனால் வரும்படி கூப்பிட்டதில்லை. ஊர்க்காரர்கள் காலனிக் கூழைக் குடிப்பது கிடையாது. இதையும் நம்பிக்கை என்றுதான் பெயர் சொல்லி வைத்திருக்கிறோம். எனக்கு இதில் ஆத்தாள் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் வருஷம் கேழ்வரகு வந்ததும் ரெண்டு கோயிலுக்கும் சமமாக ஒரு சாக்கு, ஒரு சாக்கு என்று அனுப்பினேன். என் வயலில் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் காலனிப் பெண்கள். ஊர்க் கமிட்டியில் ஒருத்தர் சாயந்திரம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"அண்ணா, நீ படிச்சவன். அங்கயும் அனுப்பிச்சியாமே?"

"ஆமாம்ப்பா. அதுல இன்னா?"

"ஒண்ணுமில்ல. ஒரே கேவுரு ரெண்டு பக்கமும் போவுதுன்னு பேசிக்கிறாங்க."

"நாம துன்ற சோறும் அவங்க நட்ட நெல்லுதானே? அது போவுதே தெனமும்."

அவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். ரெண்டாம் வருஷம் ஊர்க் கமிட்டியிலிருந்து கேழ்வரகு கேட்டு யாரும் வரவில்லை. பாக்கெட் மாவு வாங்கினார்கள். நானும் போய் நிற்கவில்லை, காலனிக்கு மட்டும் அனுப்பினேன். மூணாம் வருஷம், அதாவது போன ஆடியில், ஊர் அண்டாவுக்கு மாவு கரைக்கிற பெண்களே வந்தார்கள். என் மனைவியிடம்தான் பேசினார்கள். "பாக்கெட்டு மாவு சரியா புளிக்க மாட்டேங்குதுக்கா, வாசமே வரல. ஐயாகிட்ட சொல்லி ஒரு மூட்டை வாங்கிக் குடு." கமிட்டி என்ன நினைத்தது என்று நான் கேட்கவில்லை. துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் முடிவு செய்தார்கள். இன்னும் ரெண்டு அண்டாதான். உள்ளே ஒரே கேழ்வரகு.

பெண்கள் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் நம்பிக்கையின் மௌனமான பங்கு என்று நாம் பெருமையாகப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் பெண்கள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து செய்கிற வேலை. வசூல் நோட்டும் மைக்கும் ஆம்பிளைகளுக்கு. அரைக்கிறது, கரைக்கிறது, விரதம் இருக்கிறது, அடுத்த வருஷத்துக்கு விதையைச் சாம்பல் கலந்து கட்டி வைக்கிறது எல்லாம் அவர்கள். புரட்டாசி சனிக்கிழமையில் தளிகை போடுவதும் அவர்கள்தான். பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்து மாவிளக்கு. மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறிவிடும், விளக்குப் பிடிக்காது என்று என் மனைவி இன்னும் உரலில்தான் இடிக்கிறாள். அன்றைக்கு எங்கள் பக்கம் பிள்ளைகள் நாமம் போட்ட சொம்பை ஏந்திக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வருவார்கள். எவ்வளவு வசதியான வீட்டுப் பிள்ளையும் அன்று கை நீட்ட வேண்டும். என் பேரன் சென்னையில் படிக்கிறான். போன புரட்டாசிக்கு வந்தவன் சொம்போடு அரை மணி நேரம் வாசலிலேயே நின்றான். கூச்சம். பிறகு போனான். ஏழு வீட்டு அரிசியும் ஏழு நிறம் என்று வந்து சொன்னான். ஒரு வீட்டு அரிசி மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டான். அது என் வயல் மாப்பிள்ளைச் சம்பா, பக்கத்து வீட்டுக்கு நாங்கள் கொடுத்தது.

திருவள்ளூர் பெயருக்கே ஒரு சாப்பாட்டுக் கதை பின்னால் இருக்கிறது. வீரராகவப் பெருமாள் கோயில் தல வரலாற்றில் சாலிஹோத்ர முனிவர் என்று ஒருவர். சாலி என்றால் நெல். பட்டினித் தவம் இருந்தவர், கிடைத்த அரிசியைப் பொறுக்கி இடித்து மாவாக்கி, பெருமாளுக்குப் படைத்துவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருந்தார். ஒரு கிழவர் வந்து அவருக்கு வைத்ததைச் சாப்பிட்டு, பசி தீரவில்லை என்று முனிவரின் பங்கையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, படுப்பதற்கு எந்த உள் என்று கேட்டாராம். எவ்வுள் என்ற அந்தக் கேள்வியிலிருந்து திருஎவ்வுள், அதிலிருந்து திருவள்ளூர் என்பார்கள். தை அமாவாசைக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. குளத்தில் வெல்லம் கரைப்பது ஒரு வேண்டுதல். ஜீவாமிர்தம் தயாரிக்கிற நமக்குத் தெரியும், வெல்லம் தண்ணீரில் விழுந்தால் நுண்ணுயிர் எப்படிப் பெருகும், மூச்சுக்காற்றை எப்படி இழுக்கும் என்று. டிரம்மில் அது வேண்டும், மீன் இருக்கிற குளத்தில் வேண்டாம். ஒரு துண்டு கரைத்துவிட்டு மிச்சத்தைச் சோறு போடுகிற இடத்தில் கொடுங்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். நம்மூர்ப் பெண்களிடம் பொறுமையாகச் சொன்னால் கேட்கிறார்கள்.

சோறு போடுகிற இடம் என்றால், திருத்தணி முருகன் கோயிலில் 2021 செப்டம்பரில் நாள் முழுதும் அன்னதானம் ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002லிருந்தே இருக்கிறது. எத்தனை பந்தி, எத்தனை மூட்டை அரிசி! அந்த அரிசி எந்த வயலில், எந்த மருந்தடித்து விளைந்தது என்று கேட்கிற பழக்கம் நமக்கு இல்லை. நஞ்சில்லா அரிசியைச் சென்னைக் கடைகளில் கிலோ விலை சொல்லி விற்க அலைகிறோம். மாவட்டத்திலேயே தினமும் உலை வைக்கிற பெரிய அடுப்புகள் இருக்கின்றன. அந்தந்த மாவட்ட இயற்கை உழவர்களிடம் ஒரு பங்கு கொள்முதல் செய்ய வேண்டும் என்று நம் இயக்கம் கோயில்களிடம் மட்டும் இல்லாமல் பள்ளிவாசல், தேவாலயங்களிடமும் கேட்கலாம். ரமலான் நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி தேவை, அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ரெண்டு வருஷமாக என் வயல் பச்சரிசி ஒரு மூட்டை போகிறது. கஞ்சி ஒரு தூக்கு திரும்பி வரும். கூழ் குடித்து வளர்ந்தவனுக்கு அந்தக் கஞ்சி அந்நியமாகத் தெரியாது.

ஒரு வயிற்றெரிச்சல்: கூழை இப்போது மெழுகு பூசிய கப்பில் ஊற்றுகிறார்கள். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. ஆடி ஞாயிறு மத்தியானம் எந்த அம்மன் கோயில் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். மாடு மேய்கிற இடம் அது. முன்பெல்லாம் வீட்டிலிருந்து சொம்பு, தூக்கு எடுத்துப் போவோம். இல்லாதவன் ரெண்டு கையையும் குவித்துக் குடிப்பான்.

கடைசியாக நிலம். எங்களுக்கு நாலரை ஏக்கர், மூன்று பங்கு. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட்டுகள், இந்தப் பக்கம் வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், சுற்றிலும் குடோன்கள். இடையில் இருக்கிற எந்த நிலத்துக்கும் தரகர் வராத வாரம் கிடையாது. தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலத்துக்காக ஊர் ஜனம் வருஷக்கணக்கில் போராடியது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் நிலத்தின் வடகிழக்கு மூலையில் வேப்பமரத்தடியில் ஏழு கல் இருக்கிறது, கன்னிமார். ஆடி வெள்ளியில் மஞ்சள் பூசி, பொங்கல் வைப்போம். அந்த மூலையில் யாரும் ஏர் ஓட்டியதில்லை, மருந்து தெளித்ததில்லை. என் வயலில் மருந்தை நிறுத்திய பிறகு பொறிவண்டும் சிலந்தியும் முதலில் அந்த மூலையிலிருந்துதான் பரவின என்று நான் நம்புகிறேன். அவ்வளவு புதர் அங்கே மட்டும்தான் இருந்தது.

என் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். கெட்டவன் இல்லை, கணக்குத் தெரிந்தவன். "அந்த மூலையில ஒரு பத்து சென்ட்டை சாமிக்கு விட்டுட்டு மீதியைக் குடுத்துடலாமேப்பா. சுத்தி காம்பவுண்ட் போட்டு கோயிலாவே கட்டிக்கலாம்" என்றான். தம்பிக்கும் அதில் பாதிச் சம்மதம், அவனுக்குக் கடன் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"காம்பவுண்டு கட்டிட்டா அவங்க எதைப் பாத்துக்கினு நிப்பாங்க?" என்றார்.

யாருக்கும் பதில் வரவில்லை. மகன் சிரிக்கவும் இல்லை. இந்தப் பேச்சு தைக்குப் பிறகு மறுபடி வரும். தம்பி கடனுக்கு ஒரு வழி பார்க்காமல் கன்னிமாரைக் காட்டியே நிலத்தைக் காப்பாற்றிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. என் பங்கு வருமானத்திலிருந்து அவன் வட்டியில் ஒரு பகுதியை நான் கட்டுவதாக இப்போதைக்கு ஏற்பாடு. பதிலுக்கு அவன் பங்கில் மேட்டுப் பக்கம் அரை ஏக்கரில் இந்தப் பங்குனியில் கேழ்வரகு. நாலு ஊர் அம்மன் கோயில் பெண்களிடம் முன்கூட்டியே பேசியாகிவிட்டது. விலையும் பேசிவிட்டோம், பாக்கெட் மாவு விலையைவிடக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு. மில் கூலி அவர்களுடையது.

விதைக்கு ஒதுக்கியது போக நாட்டுக் கேழ்வரகு விதை பத்து கிலோ கைவசம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கு வேண்டுமானாலும், மாசி முடிவதற்குள் இயக்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு அரைக் கிலோ. துணிப்பை கொண்டுவரவும். காசு வேண்டாம், அறுவடையில் ஒரு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.